பிளெயின்ஸ் ஊருக்குத் திரும்பியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பாட்டியின் கணுக்காலுக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்து, என்ன பாட்டி இது என்று கேட்பேன். "நரம்புச் சிலந்தி" என்பார். படியிறங்கிப் போய்த் தண்ணீர் மொள்ளும் கிணறு எங்கள் ஊரில் புழங்கிய காலம் அது. அந்தத் தண்ணீரிலுள்ள பொடி நீர்ப்பூச்சியோடு புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போய்விடும். ஏறக்குறைய ஒரு வருடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் காலில் கொப்புளம் கிளம்பி நெருப்பாய் எரியும். அது உடைந்ததும் வெள்ளை நூல் போலப் புழு தலைகாட்டும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். நடவு நேரத்தில் வந்து படுத்தால் அந்த வருடக் கூலி போச்சு என்பார் பாட்டி.

அந்தப் புழுவை உலகத்தை விட்டே விரட்டப் பல பத்தாண்டுகள் பாடுபட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயது நிறைந்தபின் காலமான ஜிம்மி கார்ட்டர். அமெரிக்க அதிபராக அவர் இருந்தது 1977 முதல் 1981 வரை, நான்கே வருடம். அந்த நான்கு வருடத்தை விட அதற்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் என் மனதில் நிற்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சிற்றூர். நிலக்கடலை பயிரிடும் குடும்பம். அம்மா லில்லியன் செவிலியர். 1927இல் பக்கத்து வீட்டில் பிரசவம் பார்த்தவர், பிறந்த பெண் குழந்தையைக் காட்ட மூன்று வயது நிரம்பாத தன் மகனையும் கூட்டிப்போனார். அந்தக் குழந்தைதான் ரோசலின். 1946இல் கார்ட்டர் கடற்படைப் பள்ளியில் தேறி வெளியே வந்தார்; அடுத்த மாதமே ரோசலினைக் கைப்பிடித்தார்.

கடற்படையில் ஏழு வருடம், பெரும்பாலும் நீர்மூழ்கிக் கப்பல் வேலை. 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து நடந்தது. அதைச் சரிசெய்யப் போன அமெரிக்கக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கதிர்வீச்சு அதிகம், ஒருவர் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது. அதனால் பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரியைக் கட்டி, எந்தத் திருகை யார் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு, முறை வைத்து உள்ளே இறங்கினார்கள். அப்போது அவருக்கு வயது 28.

மறு வருடம் அவருடைய அப்பா புற்றுநோயில் படுக்கையில் விழுந்தார். மகன் கட்டிலருகே உட்கார்ந்திருக்க, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடனைத் திருப்பிக் கேட்காமல் விட்டார், பள்ளி முடித்த பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுத்தார் என்று வந்தவர்கள் சொல்லச் சொல்லத்தான், அப்பா யாருக்கும் சொல்லாமல் செய்ததெல்லாம் மகனுக்குத் தெரிந்தது. தன் கப்பல் வேலையையும் அந்த வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்புவது என்று முடிவு செய்தார்.

ரோசலினுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு, மூன்று பையன்களோடு தன் குடும்பத்தைத் தானே நடத்தி வந்தவர் அவர். திரும்பும் வழியெல்லாம் கணவரோடு பேசவில்லை. வண்டியை நிறுத்த வேண்டும் என்றால்கூட மூத்த பையனிடம் சொல்லித்தான் சொல்ல வைத்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். முதல் வருடம் மழை பொய்த்தது. வந்த வருமானம் 200 டாலரைத் தொடவில்லை. அரசாங்கக் குடியிருப்பில்தான் தங்கினார்கள். அப்புறம் கடலைக் கிடங்கின் கணக்குகளை ரோசலினே எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அன்று முதல் எந்த வேலையானாலும் இருவருமாகத்தான் செய்தார்கள்.

அதிபர் பதவி முடிந்ததும் 1961இல் கட்டிய அதே வீட்டுக்குத்தான் போனார்கள். 1984 முதல் வருடத்துக்கு ஒரு வாரம், ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் வேலை. சுத்தியலும் ஆணியுமாக அவரே நிற்பார். 2006இல் நம் நாட்டுக்கும் வந்தார்கள். லோனாவாலா பக்கத்தில் 100 வீடுகள் எழும்பின. அவருக்கு அப்போது 82 வயது. இந்தியா அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. லில்லியன் அம்மா 68 வயதில் தொண்டராகக் கிளம்பி, பம்பாயின் விக்ரோலியில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர். 2019இல், 95 வயதில், கார்ட்டர் வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல் போட்டார்கள். மறுநாளே, கண் கறுத்து வீங்கிய முகத்தோடு, நாஷ்வில் நகரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை வேலைக்கு வந்து நின்றார்.

சரி, புழுவுக்கு வருகிறேன். நம் நாட்டில் அதை ஒழித்தது நம் சுகாதாரப் பணியாளர்கள். 1996இல் ராஜஸ்தானில் கண்டதுதான் கடைசி நோயாளி. 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் பாடு அதிகம். 1988இல் கானாவில் ஒரு பெண் கையில் குழந்தையை ஏந்தி நிற்பதாக நினைத்து கார்ட்டர் அருகே போனார். குழந்தை இல்லை. புழு வெளியேறிக்கொண்டிருந்த, வீங்கிப்போன மார்பைத்தான் அவள் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்தக் காட்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. இந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும், புண்ணோடு குளத்தில் இறங்கக் கூடாது. இதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சூடானில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1995இல் இரு தரப்பையும் பேசிச் சம்மதிக்க வைத்து, பணியாளர்கள் ஊருக்குள் போவதற்காகவே சில மாதம் சண்டையை நிறுத்த வைத்தார். 1986இல் உலகத்தில் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023இல் 14 பேருக்கு. கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்பது அவர் ஆசை. அது நடக்கவில்லை.

2023 நவம்பரில் ரோசலின் போனார். 77 வருடத் தாம்பத்தியம். படுத்த படுக்கையாக இருந்த கார்ட்டரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்து இறுதிச் சடங்கின் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்து அவரும் போனார். ஊர்வலம் பக்கத்து அமெரிக்கஸ் நகரத்தில் கிளம்பி, பிளெயின்ஸ் வழியாக வந்து, அவர் வளர்ந்த கடலைத் தோட்டத்தின் முன்னால் சற்று நின்றது. 39வது அதிபருக்காகத் தோட்டத்து மணியை 39 முறை அடித்தார்கள். தலைநகரத்து மரியாதைகள் முடிந்து, ஜனவரி 9 அன்று இருட்டும் நேரத்தில் திரும்பவும் ஊருக்கே கொண்டு வந்தார்கள். வீட்டுத் தோட்டத்தில், குளத்துக்குப் பக்கத்தில், ரோசலினை அடக்கம் செய்த இடத்தை ஒட்டி அவரையும் வைத்தார்கள்.

வணக்கம்.