கல்லுலயே கத்தி செய்யறது எப்படி? குரங்கே பண்ணிடுச்சு பாஸ்!

கயித்த அறுத்தா பெட்டி தொறக்கும், உள்ள சூப்பரா தீனி இருக்கு, ஆனா கத்தி கிடையாது, கல்லு மட்டும்தான். என்ன பண்ணுவீங்க?

1990ல அமெரிக்காவுல கான்சின்னு ஒரு போனோபோ வகை மனிதக் குரங்குக்கு இந்த டெஸ்ட்டத்தான் வச்சாங்க. நிக்கோலஸ் டோத்துன்னு ஒரு தொல்லியல் ஆய்வாளர், கல்லால கல்ல தட்டி சில்லு எடுத்து காட்டுனாரு. நம்ம தலைவர் கான்சியும் தட்டிப் பார்த்தாரு, பெருசா ஒண்ணும் வரல. அப்புறம் கல்ல தூக்கி கெட்டித் தரையில ஓங்கி ஒரே அடி, தெறிச்சதுல கூரா ஒண்ண பொறுக்கி கயித்த அறுத்துட்டாரு! இது போங்கு ஆட்டம்னு இவங்க தரைக்கு கார்ப்பெட் போட்டா, அவரு கார்ப்பெட்ட உரிச்சு ஒதுக்கிட்டு மறுபடி அதே தரையில அடிக்கறாரு. என்னைக் கேட்டா கல்லு ஒடைச்சதவிட கார்ப்பெட்ட உரிச்சதுதான் மூளை, நீங்க என்ன சொல்றீங்க, கமெண்ட்ல போடுங்க.

வரலாறு ஒரே மூச்சுல: கென்யாவோட லோமெக்வில 33 லட்சம் வருஷத்துக்கு முந்தின கல் கருவி, நம்ம பல்லாவரத்துல 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரி. போதும்.

இப்ப வேலைக்கு வருவோம். இதுல பலம் வேணாம், கோணம்தான் எல்லாம். நீங்க அடிக்கற முகமும் சில்லு பிரியற முகமும் சேர்ற இடம் 90 டிகிரிக்குள்ள இருக்கணும், தாண்டுச்சுன்னா எவ்ளோ ஓங்கி அடிச்சாலும் கைதான் வீங்கும். கோலிக்குண்டு பட்ட ஜன்னல் கண்ணாடி பின்பக்கம் கூம்பா பேந்து வருமே, அந்த கூம்போட ஒரு ஓரத்ததான் நாம சில்லா எடுக்கறோம். அடிக்கறதுக்கு முன்னாடி விளிம்ப சொரசொரப்பான கல்லால தேச்சுக்கோங்க, மெலிசா விட்டா அதுவே நொறுங்கி அடி வீணாப் போயிடும். வந்த சில்லோட உள்பக்கம் விரல வச்சுப் பாருங்க, அடிபட்ட இடத்துகிட்ட சின்னதா புடைப்பு தட்டுப்பட்டா நீங்க பாஸ்.

இதுக்கு ஏத்த ஃபிளிண்ட் கல்லுக்கு, அதான் சிக்கிமுக்கிக் கல்லுக்கு, எங்க போறதுங்கறீங்களா? பாட்டிலோட அடிப்பாகம் போதும். கலிஃபோர்னியாவுல யாஹி இனத்தோட கடைசி ஆளு இஷி, 1911க்கு அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ மியூசியத்துல பாட்டில் கண்ணாடியிலயே அம்பு முனை செஞ்சு காட்டுனாரு.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ், தொடைமேல தடியா தோல், இதெல்லாம் இல்லாம உக்காராதீங்க. ரூமுக்குள்ள வேணவே வேணாம், சிலிக்கா தூசி நுரையீரல தின்னுடும்.

அப்புறம் அந்த சில்லு குப்பைய புதைக்கறப்போ கூடவே ஒரு புது ரூபா காசையும் போட்டுடுங்க, இல்லன்னா பின்னாடி எவராவது தோண்டிப் பார்த்துட்டு உங்க ஞாயித்துக்கெழம டைம்பாஸுக்கு ஆதிமனுஷன் பட்டறைன்னு போர்டு வச்சிடுவாரு.