கேமராவுக்கு முன்னால் நாம் போக வேண்டும்

(பாளையங்கோட்டையில், ஆவணப்படம் எடுக்க முனையும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

நெல்லைச் சீமையின் சிறுதொழில்களைப் படமாக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். திருநெல்வேலி அல்வா, பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் பற்றியெல்லாம் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலவற்றில் பண்டம் இருக்கிறது, ஆள் இல்லை. கடைக்காரர் இரண்டு வார்த்தை பேசியதும் நெய் ஒழுகும் அல்வாவைக் காட்டப் போய்விடுகிறார்கள். கோதுமை விலை ஏறிய மாதத்தை அந்த மனிதர் எப்படிச் சமாளித்தார்? மகன் கடைக்கு வருவானா, சென்னைக்குப் போவானா? நமக்கு வேண்டியது இதுதான்.

இது கிடைக்க வேண்டுமானால், முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். போனில் தேதி வாங்கிக்கொண்டு ட்ரைபாடோடு இறங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சும்மா போய்க் கடையோரமாக நின்று பாருங்கள். எத்தனை மணிக்குக் கூட்டம் வருகிறது, சரக்கு எப்போது இறங்குகிறது, அண்ணாச்சி எப்போது சாப்பிடப் போகிறார் என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும்.

அல்வா போடும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, சர்க்கரையோடு சேர்த்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நெய் பிரிந்து வரும் நேரத்தில் கிளறுகிறவரிடம் கேள்வி கேட்டால் பதம் கெட்டுப்போகும், கையும் சுட்டுவிடும். அந்த நேரத்தில் படம் மட்டும் எடுங்கள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி உட்காருவார் பாருங்கள், பேட்டிக்கு அதுதான் நேரம்.

பத்தமடையில் நிலைமை வேறு. அங்கே தறி வீட்டுக்குள் இருக்கிறது. நெய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குள் நுழைய அவர்களின் சம்மதம் வேண்டும். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். மழைக்காலத்தில் போய் நின்றால் கோரை காயாது, வேலை பாதியில் நிற்கும். கல்யாண மாதத்துக்கு முன்னால் போனால், மணமக்களின் பெயரைப் பாயில் எழுத்தெழுத்தாக நெய்வதைப் பார்க்கலாம். எழுத்து ஏறும் இடத்தில் கை எப்படித் தயங்கித் தயங்கிப் போகிறது என்பதை அவசரப்படாமல் எடுங்கள். "ஒரு பெயர் தப்பாக விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அப்புறம் கேளுங்கள். புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசுவார்கள். இந்தப் பதிலை நெய்கிறவர் மட்டும்தான் சொல்ல முடியும்.

"தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஏதோ ஓடுது தம்பி" என்பதோடு முடிந்துவிடும். அதையே "போன தீபாவளிக்குச் சர்க்கரை மூட்டை என்ன விலைக்கு எடுத்தீங்க அண்ணாச்சி, இப்போ என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். விலையில் தொடங்கி, கடன் கொடுத்தவர், கைவிட்டவர், கைகொடுத்தவர் என்று பேச்சு தானாகவே போகும். நாட்களைச் சொல்லியும் கேட்கலாம். ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 ராத்திரி கல்லாவில் என்ன நோட்டு இருந்தது? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கணக்கு எழுதியது யார்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது எந்தச் சரக்கை முதலில் மேலே தூக்கினார்கள்? வெள்ளத்தைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். கண் கலங்கினால் கேமராவைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள்.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. செல்போனே போதும், சட்டையில் மாட்டும் மைக் மட்டும் நல்லதாக இருக்கட்டும். ஜங்ஷன் பக்கம் பஸ் ஹாரன் ஒருபுறம், பணம் வந்தால் சத்தமாக அறிவிக்கும் கல்லாப்பெட்டி ஸ்பீக்கர் ஒருபுறம். பேட்டி முடியும்வரை ஸ்பீக்கரைக் குறைத்து வைக்கலாமா என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். யாரும் பேசாத கடைச் சத்தத்தையும் ஒரு நிமிஷம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் உதவும்.

இனி மேனேஜர்கள். நம் படங்களில் இவர்கள் வருவதே இல்லை. கடையின் உள்விவரம் பலதும் இவர்கள் கையில்தான் இருக்கும்: எந்த ஊர் வியாபாரி பாக்கி வைத்திருக்கிறார், எந்த மாதம் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மேனேஜர் வாயைத் திறக்க மாட்டார். ஆகவே முதலாளியிடம் சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதலாளிக்குத் தெரியாமல் பேசவே கூடாது. பேச்சு வேகத்தில் அவர் தன் சம்பளத்தையோ முதலாளியின் கடனையோ சொல்லிவிடலாம். பதிவாகிவிட்டதே என்று அதைப் படத்தில் சேர்த்துவிடாதீர்கள். படம் ஓடிய மறுநாள் காலையிலும் அவர் அதே கல்லாவில் உட்கார வேண்டும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வெளியிடுவதற்கு முன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். "இந்த இடம் மட்டும் வேண்டாம் தம்பி" என்று சொன்னால், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்த காட்சியாக இருந்தாலும் அங்கேயே அவர் முன்னாலேயே வெட்டிவிடுங்கள்.