கொழுந்தா, கூடையா? இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியை அளப்பது

[திரையில்: கைபேசி ஒன்றின் படம். தமிழில் ஓர் அறிவிப்பு. நாலாவது வரியோடு எழுத்து அறுந்து நிற்கிறது.]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்புத்தளைப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சின்னதாக ஒரு தங்குமிடம் நடத்துகிறார். அவருக்கு நான் செய்து கொடுத்த பக்கம் இது. "எப்படி வருவது" என்ற பகுதியில் மொத்தம் ஐந்து வரி. முதலில் நாலு வரி மட்டும் தெரியும், மிச்சத்துக்கு "மேலும் வாசிக்க" என்று ஒரு பொத்தான் வரவேண்டும். வரவில்லை.

ஐந்தாவது வரியில் என்ன இருந்தது தெரியுமா? டவுனிலிருந்து மேலே வரும் கடைசி பஸ் மாலை 5.30க்கு என்ற விஷயம். அதைக் காணாத ஒரு குடும்பம் ஆறரை மணிக்கு வந்து இறங்கி, மழையில் நனைந்து, த்ரீவீல்காரர் கேட்ட காசைக் கொடுத்து வந்து சேர்ந்தது. அண்ணன் போனில் கோல் எடுத்தார். "தம்பி, பொத்தான் எங்கடா?"

ஹட்டனில் என் கணினியில் திறந்து பார்த்தேன். பொத்தான் இருக்கிறது! இதுதான் வயிற்றைக் கலக்கும் வகைப் பிழை. பிரவுசருக்குப் பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டிதான். என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், அந்தப் பெட்டியை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி எப்படி அளக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

[திரையில்: தேயிலை மலை. கொழுந்து நிறுக்கும் இடமான மடுவத்தில் தொங்கும் தராசு.]

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டும் எடை ஒன்று, பேரில் விழும் எடை வேறொன்று. கூடைக்கு, சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். தராசு பொய் சொல்லவில்லை. எதையெல்லாம் சேர்த்து நிறுத்தோம் என்பதில்தான் சண்டையே. பிரவுசரிடம் அளவு கேட்பதும் அப்படித்தான்.

[திரையில்: ஒரு பெட்டி. உள்ளே எழுத்து, சுற்றிலும் பேடிங் என்ற இடைவெளி, அதற்கு வெளியே பார்டர் என்ற கரை.]

பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் இந்தப் பெட்டிக்கு அகலம் 300 பிக்சல். இரண்டு பக்கமும் 20 பிக்சல் பேடிங், 5 பிக்சல் பார்டர். ஆஃப்செட்வித் என்று கேட்டால் 350 வரும். கூடை, சாக்கு எல்லாம் சேர்த்த எடை அது. கிளையன்ட்வித் என்று கேட்டால் 340. பார்டரைக் கழித்துவிட்டது, பேடிங்கை விட்டு வைத்திருக்கிறது. இப்போது பெட்டிக்குள் செங்குத்தாக ஒரு ஸ்க்ரோல்பார் வருகிறது, அது 15 பிக்சல் பிடிக்கிறது என்று வையுங்கள். ஆஃப்செட்வித் அசையாது, அதே 350. கிளையன்ட்வித் 325க்கு இறங்கிவிடும்.

அதே பெட்டிக்கு, அகலம் எதுவரை என்று சொல்லும் பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் என்று மாற்றினால் கணக்கு தலைகீழ். 300 என்று எழுதியது வெளி அளவாகிவிடும், எழுத்துக்கு மிஞ்சுவது 250தான். இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் இதைத்தான் போடுகிறார்கள். நானும்.

புதிதாக வருபவர்கள் முதலில் விழும் குழி ஸ்டைல்.வித். எலிமெண்டிலேயே, அதாவது பக்கத்தின் அந்த உறுப்பிலேயே, நேரடியாக எழுதி வைத்ததை மட்டும்தான் அது படிக்கும். தனியே சிஎஸ்எஸ் எழுதும் ஸ்டைல்ஷீட்டில் எழுதியிருந்தால் வெறும் காலி எழுத்துச்சரம் வரும். பிரவுசர் கடைசியில் எடுத்துக்கொண்ட மதிப்பைத் தரும் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் பரவாயில்லை, ஆனால் அது தருவதும் எண் அல்ல, "300பிஎக்ஸ்" என்ற எழுத்து. அதோடு 20ஐக் கூட்டினால் 320 வராது, "300பிஎக்ஸ்20" என்று ஒரு விநோதம் வரும். பார்ஸ்ஃபுளோட் போட்டு எண்ணாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்து கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட். பெயர்தான் பதுளை ரயில் போல நீளம், வேலை சுத்தம். ஆஃப்செட்வித் எப்போதும் முழு எண்ணாகத்தான் தரும். 1000 பிக்சலை மூன்று சமமான பெட்டியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 333 என்று சொல்லும். மூன்றையும் கூட்டினால் 999, ஒரு பிக்சல் காணாமல் போயிருக்கும். ரெக்ட் 333.33 என்று தசமத்தோடு சொல்லும். திரையில் பெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துத் தரும்.

ஆனால் ஒன்று. டிரான்ஸ்ஃபார்ம் போட்டு ஒரு பெட்டியைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும், கண்ணுக்குத் தெரியும் அளவைத்தான் ரெக்ட் சொல்லும். நம்முடைய 350 பிக்சல் பெட்டி 0.9 மடங்கிலிருந்து மெல்ல விரிந்து வரும் அனிமேஷன் வைத்திருக்கிறீர்கள், அது தொடங்கும் நொடியில் அளக்கிறீர்கள் என்றால் 315 என்று வரும். ஆஃப்செட்வித்துக்கு அந்த நாடகமெல்லாம் தெரியாது, 350 என்றே சொல்லும். எது சரி? உங்களுக்கு எது தேவை என்பதைப் பொறுத்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பை ஒட்டவைக்க ரெக்ட். பெட்டிக்குள் இடம் ஒதுக்க மற்றது.

டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்த பெட்டியை ஆஃப்செட்வித், கிளையன்ட்வித், ரெக்ட் எதைக்கொண்டு அளந்தாலும் பூச்சியம்தான். நிறுக்க அங்கே ஆளே இல்லை.

[திரையில்: மறுபடியும் அந்தக் கைபேசிப் படம்.]

இப்போது பொத்தானுக்கு வருவோம். உள்ளே இருக்கும் முழு எழுத்தின் உயரத்தை ஸ்க்ரோல்ஹைட் தரும், மறைந்திருப்பதையும் சேர்த்து. வெளியே தெரியும் உயரம் கிளையன்ட்ஹைட். முன்னது பெரிதாக இருந்தால் எழுத்து வெட்டுப்படுகிறது, பொத்தானைக் காட்டு. இவ்வளவுதான் நான் எழுதியிருந்தது. ஒரு வரி 24 பிக்சல், நாலு வரிக்கு 96. ஐந்து வரி என்றால் ஸ்க்ரோல்ஹைட் 120, பொத்தான் வரவேண்டும்.

அண்ணனின் போனில் ஸ்க்ரோல்ஹைட்டும் 96 என்று வந்திருக்கிறது. காரணம், எழுத்துரு. பக்கத்துக்கு, இணையத்திலிருந்து இறங்கும் அழகான ஒரு தமிழ் வெப்ஃபான்ட் போட்டிருந்தேன். அது வந்து சேரும்வரை போனில் ஏற்கனவே இருக்கும் எழுத்துருவில் காட்டு என்றும் எழுதியிருந்தேன், ஃபான்ட்-டிஸ்ப்ளே ஸ்வாப். போனில் இருந்த எழுத்துரு ஒடுக்கம், அதில் எழுத்து முழுவதும் நாலு வரியில் அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் அளந்தேன். அப்புறம் வெப்ஃபான்ட் வந்தது, எழுத்து அகன்றது, ஐந்தாவது வரிக்கு இறங்கியது. யாரும் மறுபடி அளக்கவில்லை. என் வீட்டில் இணைய இணைப்பு வேகம், எழுத்துருவும் ஏற்கனவே கேஷில், அதாவது கணினியின் சேமிப்பில், இருந்தது, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. அங்கே ரோட்டு முடக்கில் நின்றால்தான் சிக்னல் இரண்டு கட்டை வரும்.

காலையில் பனியோடு பறித்த கொழுந்துக்கு ஓர் எடை, அதே கொழுந்து வாடிய பிறகு வேறு எடை. எப்போது நிறுத்தாய் என்பதும் கேள்விதான்.

டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி என்று ஒரு பிராமிஸ், அதாவது வேலை முடிந்ததும் நமக்குச் சொல்லும் ஒன்று, இருக்கிறது. எழுத்துருக்கள் வந்து அடங்கிய பிறகு அளக்க அது உதவும். படங்களுக்கு அவற்றின் லோட் நிகழ்வு. ஆனால் போனைக் கிடையாகத் திருப்பினால்? எழுத்தைப் பெரிதாக்கினால்? ஒவ்வொன்றுக்கும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. ரீசைஸ்அப்சர்வர் அதற்குத்தான். குரோமில் 2018இல் வந்தது, 2020இல் சஃபாரியும் சேர்ந்துகொண்டது. ஒரு எலிமெண்டைக் காட்டி "இதைக் கவனி" என்றால் போதும், அளவு மாறும்போதெல்லாம் நமக்குச் சொல்லும்.

அதிலும் நான் ஒரு தடவை ஏமாந்தேன். வெளிப்பெட்டியைக் கவனிக்கச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வெளிப்பெட்டியின் உயரம் 96க்கு மேல் போகாது என்று நானே கட்டிப்போட்டிருக்கிறேன். எழுத்து உள்ளே எவ்வளவு வளர்ந்தாலும் அதன் அளவு மாறாது. மாறாததை அப்சர்வர் எதற்குச் சொல்லப்போகிறது? கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் பத்தியை.

[திரையில்: ஓடும் நிரல். உள்பத்தியின் மேல் அப்சர்வர்; உள்ளே ஒரே ஓர் ஒப்பீடு.]

ஒப்பீட்டில் ஒரு பிக்சல் சலுகை விட்டிருக்கிறேன், பாருங்கள். முழு எண்ணாக்கும்போது 96, 97 ஆகிவிட்டால் தேவையில்லாமல் பொத்தான் முளைக்கும்.

இன்னொன்று, சுருக்கமாக. இப்படி 40 பெட்டி இருந்தால், ஒன்றை அளந்து, உடனே மாற்றி, அடுத்ததை அளந்து, மாற்றி என்று போகாதீர்கள். மாற்றிவிட்டு அளவு கேட்டால் பிரவுசர் பக்கத்தைத் திரும்பவும் அடுக்கிப் பார்த்துத்தான் பதில் சொல்லும். 40 தடவை. பழைய போன் திணறிவிடும். முதலில் எல்லாவற்றையும் அளந்து ஓர் அரேயில், அதாவது பட்டியலில், வைத்துக்கொண்டு, அப்புறம் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

[திரையில்: அண்ணனின் போன், ரோட்டு முடக்கு. பக்கம் திறக்கிறது. நாலு வரி. இரண்டு நொடி ஒன்றுமில்லை. எழுத்து அகல்கிறது, கீழே "மேலும் வாசிக்க" எட்டிப்பார்க்கிறது. விரல் தொடுகிறது: கடைசி பஸ் மாலை 5.30.]