ஏட்ரியன் போல்ட்டும் பள்ளியில் ஓர் இசை வகுப்பும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை அணிவித்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கையில் சிறு கோல் பிடித்து வாத்தியக் குழுவை வழிநடத்தும் ஆங்கிலேய இசைநடத்துநர் சர் ஏட்ரியன் போல்ட் கற்றது, நடத்தியது, கற்பித்தது என மூன்றையும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? 1889இல் செஸ்டரில் பிறந்த போல்ட், பள்ளி நாட்களிலேயே லண்டன் கச்சேரிகளில் ஊறியவர். பிறகு ஜெர்மனியின் லைப்ஜிக் நகருக்குச் சென்று, ஆர்தர் நிகிஷ் என்ற மேதை கோலின் நுனியாலேயே வாத்தியக் குழுவை ஆட்டுவிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1918 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. முதல் உலகப்போர் இன்னும் முடியவில்லை. பெண்கள் பள்ளியொன்றில் இசை ஆசிரியராக இருந்த குஸ்தாவ் ஹோல்ஸ்ட், பணிநிமித்தமாக கிரீஸ் நாட்டின் சலோனிகா நகருக்குப் புறப்பட வேண்டும். அவர் எழுதிய 'கோள்கள்' என்ற பெரும்படைப்பு அரங்கேறாமல் கிடந்தது. நண்பர் பால்ஃபர் கார்டினர், பிரியும் பரிசாகக் லண்டனின் குயின்ஸ் ஹால் அரங்கையும் வாத்தியக் குழுவையும் ஒரு காலைக்கு அமர்த்திக் கொடுத்தார். நடத்தியவர் 29 வயது போல்ட். ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை! அதில் 'வியாழன்' என்ற பகுதி முழங்கியபோது, தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பானைக் கீழே வைத்துவிட்டு ஆடினார்களாம். எந்தப் பொன்னாடை இதற்கு ஈடு? கடைசியில் 'நெப்டியூன்' பகுதிக்கு மறைவிலிருந்து பாடிய பெண்குரல்கள் யாருடையவை தெரியுமா? ஹோல்ஸ்டின் மாணவிகள்! பள்ளியில் இசை வகுப்பு இல்லையென்றால் அந்தக் குரல்கள் எங்கிருந்து வந்திருக்கும்?

1930இல் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கி வளர்த்தது பெரிய கதை, நேரம் போதாது. ஆனால் 1919இலிருந்து ராயல் இசைக் கல்லூரியில் இசை நடத்துவதை ஒரு பாடமாகவே அவர் கற்பித்ததையும், 1923இல் ராபர்ட் மேயர் தொடங்கிய குழந்தைகள் கச்சேரிகளை நடத்தியதையும் விட்டுவிட மாட்டேன். எழுபது கடந்த பிறகும் அதே கல்லூரிக்குக் கற்பிக்கத் திரும்பினார்.

ஐந்தில் வளைய வேண்டிய நம் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? கால அட்டவணையில் இசை என்று எழுதிவிட்டு, அந்த நேரத்தில் கணக்கு நடத்துகிறோம். கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை; இசையின் நேரத்தைப் பறிக்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு பள்ளிக்கும் நிரந்தர இசை ஆசிரியர் கேட்கும் மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. தலைமையாசிரியர் அம்மையார் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.