விருப்பப் பட்டியலின் முதல் வரி

தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர்களே, பிளஸ் டூ முடித்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்த மேடையில் பலர் பேசியிருப்பார்கள். இப்போது தேர்வு முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. இனி உங்கள் கையில் மிச்சமிருப்பது பொறியியல் கலந்தாய்வில், வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாக எழுதிக் கொடுக்கப்போகும் விருப்பப் பட்டியல்தான். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட அதில் கோட்டைவிடுகிறார்கள். எனவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணித மதிப்பெண் முழுதாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சேரும். 90, 84, 88 எடுத்திருந்தால் 90, 42, 44 சேர்த்து 200க்கு 176. முன்பு இதற்குமேல் ஒரு நுழைவுத்தேர்வும் இருந்தது. பயிற்சி மையம் எட்டாத கிராமத்துப் பிள்ளைகளை எண்ணி, 2006இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் தமிழக அரசு அதை நீக்கியது.

இனி பட்டியலுக்கு வருவோம். தரவரிசையில் முன்னே நிற்பவரின் பட்டியலைக் கணினி முதலில் எடுக்கும். முதல் வரியில் உள்ள கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில் இடமிருந்தால் ஒதுக்கிவிடும். இல்லாவிட்டால் இரண்டாம் வரி, பிறகு மூன்றாம் வரி. உங்கள் முறை வரும்போதும் இதே வழிதான். கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் எழுதினீர்கள் என்பதற்காக, இருபதாவதாக எழுதிய கல்லூரியில் உங்களுக்குரிய இடம் உங்களைவிடக் குறைந்த மதிப்பெண்காரருக்குப் போய்விடாது. அப்படி ஒரு விதியே கிடையாது.

ஆனால் வீடுகளில் என்ன நடக்கிறது? "அதெல்லாம் நமக்கெங்கே கிடைக்கும்" என்று பக்கத்து ஊர்க் கல்லூரியை முதல் வரியில் போட்டுவிடுகிறார்கள். கணினி கேட்டதைக் கொடுத்துவிடும். ஐந்தாம் வரியில் எழுதிய அரசுக் கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் அதுவரை போகாது. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கலாமே என்பீர்கள். அது கிடைத்த வரிக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டும்தான். முதல் வரியே கிடைத்துவிட்டால் மேலே ஏது?

இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறும்வரை, குடும்பத்தோடு சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். காலியிடம் கண்ணெதிரே தெரிந்தது. இன்று பட்டியல் கொடுக்கும்போது, நம் முறை வரும்போது எது மிச்சமிருக்கும் என்று தெரிவதில்லை. ஆகவே ஊகத்தில் எழுதுகிறோம். ஊகம் வேண்டாம், விருப்பத்தை எழுதுங்கள். சென்ற ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆஃபைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் பட்டியலைக் கீழே எவ்வளவு நீட்ட வேண்டும் என்று முடிவு செய்ய மட்டும் அது உதவட்டும். மேல் வரிகளை அது தீர்மானிக்க விடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓ.சி. எனப்படும் பொதுப்பிரிவின் 31 விழுக்காடு எந்தச் சாதிக்கும் தனியுடைமை இல்லை. எல்லா வகுப்பினரும் தரவரிசைப்படி அதில் இடம் பெறலாம். "நமக்கு ஓ.சி. கிடையாது" என்று பெற்றோரே சொல்லிக் கேட்கும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கட்டணத்துக்குப் பயந்து கல்லூரியை விட்டுவிடாதீர்கள், அம்மா.

கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் கணினி மையக்காரரிடமோ, ஊருக்குள் வரும் கல்லூரி ஆட்களிடமோ கொடுக்காதீர்கள். பட்டியலை முதலில் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும், இதுவும் இதற்கு அடுத்ததும் இரண்டுமே கிடைத்தால் எதில் சேர்வேன் என்று பிள்ளை சொல்லட்டும். அடுத்ததில்தான் என்றால் அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றுங்கள்.

பட்டியலோடு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், இப்போதே பார்த்துவிடலாம்.