கேட்டி கேட்ட கேள்வி

(வேலூரில், ஜூன் 16 வீட்டு வேலைத் தொழிலாளர் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, தோழர்களே, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிற அக்கா தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தோட்டப்பாளையத்திலும் காலையில் நாலு வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டத்தைப் பற்றி அடுத்து ஒரு தோழர் பேசுவார். என்னை ஒரு கதை சொல்லச் சொன்னார்கள், சிரிக்கிற கதையாக இருக்கட்டும் என்றார்கள். அப்படி ஒரு கதை இருக்கிறது. மனைவியை இழந்த ஓர் அரசியல்வாதியின் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணின் கதை.

1963-இல் அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'தி ஃபார்மர்ஸ் டாட்டர்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. விவசாயி மகள் என்று அர்த்தம். வாஷிங்டனில் கிளென் மார்லி என்று ஓர் எம்.பி. மனைவி இறந்துவிட்டார். ஸ்டீவ், டேனி என்று இரண்டு பையன்கள். கூடவே அவருடைய அம்மா அகதா. அந்த வீட்டுக்கு மினசோட்டா பண்ணையிலிருந்து கேட்டி ஹோல்ஸ்ட்ரம் என்கிற பெண் வந்து சேருகிறார். சுவீடன் நாட்டு வம்சம். அந்த வேலைக்கு அவர்கள் ஊரில் கவர்னஸ் என்று பெயர். பிள்ளைகளை எழுப்புவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, ஒழுங்காக வளர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சாப்பாட்டு மேசையில் குடும்பத்தோடு உட்காரலாம், ஆனால் சம்பள ஆள். வீட்டு ஆளா, வேலை ஆளா என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அந்தக் குழப்பத்தில்தான் பாதிச் சிரிப்பு வருகிறது.

மீதிச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். நாட்டையே நடத்துகிறவருக்குத் தன் வீட்டை நடத்தத் தெரியாது. நம் பக்கத்தில் ஒரு தலைவர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யாரையும் குறிப்பிடவில்லை, கற்பனைதான். விடிவதற்கு முன்பே வாசலில் மனுவோடு ஆட்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஒரு பக்கம், பட்டா மாறவில்லை என்று வந்தவர்கள் ஒரு பக்கம். ஹாலில் நாற்பது பேருக்கு டீ போகிறது. ஐயாவின் வெளுத்த வேட்டி எந்த பீரோவில் இருக்கிறது என்று ஐயாவுக்கும் தெரியாது, கூட இருக்கிற கட்சிக்காரர்களுக்கும் தெரியாது. உள் அறையில் ஆயாம்மா அவருடைய பையனுக்கு சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகள் என்ன? குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை. பையன் நன்றாக மனப்பாடம் செய்துவிட்டு நேரே ஹாலுக்கு ஓடுகிறான். இத்தனை பேர் முன்னால், "அப்பா, நம்ம தெருவுக்குத் தண்ணி ஏன் தினமும் வரதில்ல?" என்று கேட்கிறான்.

சிரிக்கிறீர்கள். அந்தக் கேள்வி பையனுக்கு எங்கிருந்து வந்தது? ஹாலில் உட்கார்ந்திருந்த ஒருவர்கூட அதைச் சொல்லித்தரவில்லை. உள்ளே பாடம் சொன்னவர், தன் தெருவில் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்துவிட்டு வேலைக்கு வந்தவர். பாலாற்றுக் கரையில் பிறந்து தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறவர்.

இந்தக் கதை தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன்பு, 1947-இல், இதே பெயரில் சினிமாவாக வந்தது. கேட்டியாக நடித்த லொரெட்டா யங் அதற்காக ஆஸ்கர் விருது வாங்கினார். சினிமாவில் வருகிற கேட்டி முதலில் வீட்டு வேலைக்கு வரவே இல்லை, நர்ஸ் படிப்பில் சேரத்தான் ஊரை விட்டுக் கிளம்புகிறார். வழியில் ஒருவன் ஏமாற்றியதில் படிப்புக்கு வைத்திருந்த பணம் போய்விடுகிறது. வேறு வழியில்லாமல் ஓர் அரசியல் குடும்பத்தில் வேலைக்குச் சேருகிறார்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் சி.எம்.சி. மருத்துவமனையின் கல்லூரியில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-இல் தொடங்கியது, நாட்டிலேயே முதன்முதலில் அந்தப் பட்டப்படிப்பு தொடங்கிய இடங்களில் அது ஒன்று. காட்பாடி ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி வந்த எத்தனை பெண்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது! சேர்ந்து படித்தவர்களும் இருக்கிறார்கள். பணம் பத்தாமல் திரும்பிப் போனவர்களும், திரும்பிப் போகாமல் இங்கேயே யார் வீட்டிலாவது வேலைக்கு நின்றவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். அதனால் கேட்டி நமக்கு அந்நியம் இல்லை.

அந்தச் சினிமாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு பொதுக்கூட்டம். முதலாளி வீட்டுக் கட்சி நிறுத்துகிற வேட்பாளர் மேடையில் இருக்கிறார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கேட்டி எழுந்து அவரைக் கேள்வி கேட்கிறார். மனிதரால் சமாளிக்க முடியவில்லை. சம்பளம் கொடுக்கிற வீட்டின் வேட்பாளரையே ஊர் நடுவில் கேள்வி கேட்டுவிட்டு, அதே வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது? அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் இதைப் பார்க்கிறார்கள், இந்தப் பெண்ணையே நிறுத்தலாம் என்கிறார்கள். கேட்டி வேட்பாளர் ஆகிறார். உடனே அவருடைய நடத்தையைப் பற்றி ஓர் அவதூறு கிளம்புகிறது. தேர்தலில் நின்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும், இது எந்த ஊர்க் கதை என்று உங்களைத் திருப்பிக் கேட்பார். கடைசியில் கேட்டி ஜெயிக்கிறார். தேர்தலுக்கு நடுவே அந்த முதலாளி வீட்டு எம்.பி.யோடு காதலும் கல்யாணமும் உண்டு. புது மணப்பெண்ணை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டுவது அங்கே வழக்கம். சினிமா முடிகிறபோது அந்த எம்.பி. மாப்பிள்ளை கேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிற வாசற்படி, அவர்களுடைய நாடாளுமன்றத்தின் வாசற்படி.

பதினாறு வருடம் கழித்துத் தொலைக்காட்சிக்கு வருகிறபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். பையன்களை வளர்க்கிறார், வீட்டைத் திருத்துகிறார், எம்.பி.யின் மனதையும் திருத்துகிறார். எல்லாம் இனிமையாகத்தான் இருக்கிறது. இங்கர் ஸ்டீவன்ஸ் அருமையாக நடித்தார், ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், கோல்டன் குளோப் விருதும் வாங்கினார். ஆனால் தேர்தல் போய்விட்டது. நூற்றுச் சொச்சம் அத்தியாயங்களும் எம்.பி. எப்போது தாலி கட்டுவார் என்கிற ஒரே கேள்வியை நோக்கியே போகின்றன. 1965 நவம்பரில் கல்யாணம் ஒளிபரப்பானது. 1966 ஏப்ரலில் தொடர் முடிந்துவிட்டது. கல்யாணம் ஆனபிறகு அந்தப் பெண்ணை வைத்துச் சொல்ல அவர்களிடம் கதை அதிகம் இருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் கேட்டிக்கு நாடாளுமன்றம் கிடைத்தது, இரண்டாவது கேட்டிக்குக் கிடைத்தது அதே வீடு. எனக்கு இதில் கோபம் உண்டு. மறைக்க விரும்பவில்லை.

இந்தக் கதையின் வேர் அமெரிக்காவில் இல்லை, பின்லாந்தில் இருக்கிறது. 1937-இல் ஹெல்லா வுவோலியோகி என்கிற பெண் எழுத்தாளர், ஆண் பெயரை வைத்துக்கொண்டு ஒரு நாடகம் எழுதினார். கிராமத்திலிருந்து வேலை தேடி ஹெல்சின்கிக்கு வருகிற ஹுல்டா என்கிற பெண், ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, வேலை நேரம் போக மற்ற நேரத்தில் படித்து முன்னேறுகிற கதை. எழுதியவர் சும்மா வேடிக்கைக்கு எழுதியவர் இல்லை. போர்க்காலத்தில் சிறையில் இருந்தார். வெளியே வந்து அந்த நாட்டு வானொலிக்கே தலைமைப் பொறுப்பு ஏற்றார். 1946-இல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அவர் எழுதிய பெண்தான் கடல் தாண்டி, பெயர் மாறி, விவசாயி மகள் ஆனார்.

பின்லாந்தில் ஏன் இப்படி ஒரு கதை பிறந்தது? அங்கே அது நிஜமாகவே நடந்திருந்தது. அதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அந்த நாட்டில் 1906-இல் பெண்களுக்கு ஓட்டுரிமையும் தேர்தலில் நிற்கிற உரிமையும் ஒன்றாகக் கிடைத்தன. அடுத்த வருடமே நடந்த தேர்தலில் 200 இடங்களில் 19 பெண்கள் ஜெயித்தார்கள். உலகத்திலேயே முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவர்கள்தான். அந்த 19 பேரில் ஒருவர் மீனா சில்லன்பா. பஞ்ச காலத்தில், 1866-இல், ஏழை வீட்டில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பஞ்சாலைக்குப் போனார். அப்புறம் பல வருடம் வீட்டு வேலை செய்தார். அந்த வேலையில் இருந்துகொண்டே, வீட்டு வேலை செய்கிற பெண்களைச் சேர்த்து 1898-இல் ஹெல்சின்கியில் சங்கம் அமைத்தார். அவர்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். யோசித்துப் பாருங்கள், வாரத்தில் ஒரு நாள்கூட முழுசாக லீவு இல்லாத பெண்களை, ஒவ்வொரு வீட்டின் பின்வாசலாகப் போய்ச் சந்தித்துச் சேர்க்க வேண்டும். ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் சங்கம் வைப்பது ஒரு கஷ்டம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சமையலறைக்குள் தனித்தனியாக இருக்கிறவர்கள் சங்கம் வைப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். இங்கே அதைச் செய்துகொண்டிருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சில்லன்பா மொத்தம் 38 வருடம் நாடாளுமன்றத்தில் இருந்தார். 1926 டிசம்பரில் அமைச்சரானார், பின்லாந்தின் முதல் பெண் அமைச்சர். அடுத்த வருடம், 1927-இல், நம் மெட்ராஸ் சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவரானார். இரண்டு பேருமே பெருமைக்குரியவர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முத்துலட்சுமி அம்மையார் படித்து டாக்டரான பிறகு அந்த நாற்காலிக்கு வந்தார். சில்லன்பா பாத்திரம் தேய்த்த கையோடு வந்தார். அப்படி ஒருவரை நம் தமிழ்நாடு கோட்டைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நடக்காது என்று சொல்வதற்கு இன்றைக்குச் சட்டத்தில் காரணம் இல்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தினார்கள். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு. பாதி யாருக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள பஞ்சாயத்துகள் தனி. பெண்கள் ஜெயித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை இடத்தில் அந்தப் பெண்ணுக்குப் பதிலாகப் புருஷனே கூட்டத்துக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார்? கேட்டியை எம்.பி. மனைவியாக்கி வீட்டிலேயே நிறுத்திய அதே கைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

பிரச்சினை என்ன என்று தெரிந்த ஆள் நீங்கள். ஒரே நாளில் நாலு வீட்டைப் பார்க்கிறீர்கள். எந்தத் தெருவில் சாக்கடை நிற்கிறது, எந்த வீட்டுப் பெரியவருக்குப் பென்ஷன் வரவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கிறது என்று கவுன்சிலருக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். கவுன்சிலர் வேலை வேறு என்ன?

உங்களை வேலை ஆள் என்று கணக்கில் சேர்க்கவே உலகம் நேரம் எடுத்துக்கொண்டது. வீட்டு வேலையும் வேலைதான் என்று ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் 189-ஆம் உடன்படிக்கை நிறைவேறியது 2011 ஜூன் 16. அதற்காகத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம். இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஆனால் இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாடு ஒரு படி முன்னே போய் 2007-இல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, பிரசவத்துக்கு உதவி, அறுபதுக்குப் பிறகு பென்ஷன் எல்லாம் அதில் உண்டு. பதிவு செய்தவர்களுக்குத்தான் கிடைக்கும். உங்களில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கிய கைகள் போதாது.

ஆகவே வலது பக்கம் வேப்ப மரத்தடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பதினெட்டு வயதிலிருந்து அறுபதுக்குள் இருக்கிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், ஒரு போட்டோ கொடுங்கள், இன்றைக்கே பதிந்துவிடலாம். எடுத்து வராதவர்கள் பெயரையும் தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். அதே மேசையில் இன்னொரு நோட்டும் இருக்கும். உள்ளாட்சித் தேர்தல் எப்போது அறிவித்தாலும் தங்கள் வார்டில் நிற்க மனசு உள்ளவர்கள் அதில் பெயர் எழுதுங்கள். வேட்புமனு நிரப்புவது எப்படி, செலவுக் கணக்கு காட்டுவது எப்படி, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது எப்படி என்று வகுப்பு வைக்கப் போகிறோம். மதியம் வேலை முடிகிற நேரமாகப் பார்த்து வைப்போம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.