அம்புயாவின் பெஞ்சு

(உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, காலையில் இருந்து மைக்செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, கல்யாண வீட்டுப் பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தமிழாசிரியர் ஐயா அவர்களே (அடுத்த முறை துண்டுக்குப் பதில் புத்தகமாகக் கொடுங்கள், வீட்டில் இதோடு பதினேழு துண்டு சேர்ந்துவிட்டது), முன் வரிசையில் இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே, பின் வரிசையில் செல்போனில் இருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் மேடையேறினால் என்ன பழமொழி வரும் என்று உங்களுக்குத் தெரியும். தலைவர் இப்போதே சிரிக்கிறார். ‘மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னர்க் கசக்கும், பின்னர் இனிக்கும்.’ இன்றைக்கும் அதுதான். ஆனால் அதை எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன்.

மூன்று மனநல மருத்துவர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன். முதலாமவர் நைஜீரியாவின் தாமஸ் அடேயோயே லாம்போ. இரண்டாமவர் ஜிம்பாப்வேயின் டிக்சன் சிபாண்டா. மூன்றாமவர் மும்பையில் பிறந்து ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேக்குப் போன விக்ரம் படேல்.

லாம்போ இங்கிலாந்தில் மனநல மருத்துவம் படித்துவிட்டு, சொந்த ஊரான அபியோகுட்டாவுக்குத் திரும்பியவர். 1954இல் அங்கே ஆரோ என்ற இடத்தில் மனநல மருத்துவமனையைப் பொறுப்பேற்கிறார். கட்டடம் முழுதாக முடியவில்லை. நம் ஆளாக இருந்தால் திறப்பு விழா நடக்கட்டும் என்று காத்திருப்பார். லாம்போ பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் பேசினார். நோயாளிகளை வாடகைக்கு உங்கள் வீடுகளில் தங்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவராவது கூட வந்து தங்கிச் சமைத்துப் போட வேண்டும். காலையில் மருத்துவமனையில் சிகிச்சை, அப்புறம் கிராமத்தாரோடு காட்டு வேலை. அந்த ஊர் வைத்தியர்களையும் அவர் விரட்டவில்லை, கூட வைத்துக்கொண்டார். சுற்றுச்சுவர் கட்டி, பூட்டுப் போட்டு, அதற்குள் அடைப்பதுதான் மனநல சிகிச்சை என்று பல நாடுகள் நினைத்திருந்த காலம் அது. இந்த மனிதர்தான் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராக உட்கார்ந்தார்.

லாம்போவைப் பற்றி இன்னும் ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் ஜிம்பாப்வேக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பெஞ்சு இருக்கிறது.

2005. ஜிம்பாப்வே அரசு ‘குப்பையை அகற்றுகிறோம்’ என்று சொல்லி, நகரங்களில் ஏழைகளின் வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர் என்று ஐ.நா. சொன்னது. ஒரு கோடிக்கு மேல் ஜனம் உள்ள அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம் என்ற நிலை. சிபாண்டா அவர்களில் ஒருவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் கூட்டி வரவில்லை என்று தாயைக் கேட்டால், பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்கிறாள். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார். பஸ் காசு இல்லை.

சரி, இனி மருத்துவமனையில் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது என்று அந்த மனிதர் முடிவு செய்கிறார். ஹராரேயில் எம்பாரே என்று ஒரு பகுதி, உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழும் இடம். அங்கே உள்ள சுகாதார நிலையத்தில் கேட்டால் நர்சுகளுக்கு நேரமில்லை, உள்ளே அறையும் இல்லை. கடைசியில் கிடைத்தது 14 பாட்டிகள், சுகாதார ஊழியர்களாக வீடு வீடாகப் போகிறவர்கள். அப்புறம் வெளியே காலி இடம். இவர் யோசித்தார், மரத்தடியில் பெஞ்சு போட்டால் என்ன?

போட்டார். ‘மனநல பெஞ்சு’ என்று பெயரும் வைத்தார். ஒருத்தர் வரவில்லை! யார் வருவார்கள்? நீங்களே சொல்லுங்கள். இந்த நூலகத்து வாசலில் ‘மனநல பெஞ்சு’ என்று எழுதிப் போட்டால் நம் ஊரில் யாராவது உட்காருவார்களா? உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செய்தி போய்விடாதா? பொண்ணு பார்க்க வருகிறவன் கூடப் பாதி வழியில் திரும்பிவிடுவான். பாட்டிகள்தான் டாக்டரை உட்கார வைத்துச் சொன்னார்கள், பெஞ்சின் பெயரை மாற்றப்பா என்று. அப்படித்தான் அது ‘நட்பு பெஞ்சு’ ஆனது. அதோடு விட்டார்களா? நீ படித்து வந்த இங்கிலீஷ் வார்த்தைகள் இங்கே எடுபடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ‘டிப்ரஷன்’ வேண்டாம், எங்கள் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று இருக்கிறது, ரொம்ப யோசிப்பது என்று அர்த்தம். நம் அம்மாயிமார் ‘அவனுக்கு ஒரே ரோசனை’ என்பார்களே, அதேதான். சிகிச்சையின் படிகளுக்கும் அவர்கள் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். முதலில் மனதைத் திறப்பது, அடுத்து தூக்கிவிடுவது, அப்புறம் உறுதியாக்குவது. ஷோனாவில் பாட்டிக்கு ‘அம்புயா’ என்று பெயராம். அம்புயா, அம்மாயி. மொழிநூல் பேச வரவில்லை, சும்மா சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்கு நன்றாக இருக்கிறது.

இங்கேதான் என் பழமொழி கொஞ்சம் இடறுகிறது. அம்புயா அதிகம் புத்திமதி சொல்வதில்லை. கேட்கிறாள். வந்தவர் தன் தொல்லைகளை எல்லாம் சொல்லி, அதில் எதை முதலில் எடுப்பது என்று தானே தேர்ந்தெடுக்கிறார். மூத்தோர் சொல் நெல்லிக்கனி என்றால், மூத்தோர் காதை எந்தக் கனி என்பது? தமிழாசிரியர் ஐயா அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். நோய் முற்றியவரை அவள் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை, மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிடுகிறாள்.

இதெல்லாம் ஆறுதல் பேச்சுதானே என்று கேட்பவர்களுக்காக: ஹராரேயில் 24 சுகாதார நிலையங்களில், 573 பேரை வைத்து முறைப்படி சோதித்து, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அப்படியே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் அது 14 சதவீதம்தான். பிறகு மலாவி, சான்சிபார் என்று பெஞ்சு நடந்தது. நியூயார்க்கிலும் போட்டார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையின்போது, ஆட வந்த 32 அணிகளுக்கும் அணிக்கு ஒன்றாக தோஹாவில் பெஞ்சு வைத்தார்கள். பணக்கார நாடு ஏழை நாட்டுக்குச் சொல்லித் தருவதுதானே வழக்கம். இதில் எம்பாரேயின் பாட்டிகள் நியூயார்க்குக்குச் சொல்லித் தந்தார்கள்.

மூன்றாமவர் விக்ரம் படேல். 1990களில் ஹராரேயில் வேலை பார்த்து, அப்புறம் கோவாவில் மருத்துவர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கியவர். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஐந்து நிமிடமாம். படேல் இன்னொரு நாள்.

இந்த ஐந்து நிமிடத்தில் என் சொந்த வழக்கைச் சொல்லிவிடுகிறேன், வார்டு உறுப்பினரும் கையில் சிக்கியிருக்கிறார். இந்த வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று பெயர்த்துவிட்டார்கள். மனைவி காலமான வருஷம் நான் தினமும் சாயங்காலம் அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன். பூ கட்டி விற்கும் அம்மா ஒருத்தர் பக்கத்தில் உட்காருவார். ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்பார், அவ்வளவுதான். நான் பேச ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் ஓடும். அவர் பூவையும் கட்டி முடிப்பார், என் கதையையும் கேட்டு முடிப்பார். எனக்கு அது சிகிச்சை என்று அப்போது தெரியாது.

வீட்டுத் திண்ணைகளை நாமே இடித்தோம், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இந்தப் பெஞ்சு ஊர்ச் சொத்து. நான் கேட்பது ஐந்தடி நீளம், சாய்மானத்தோடு, வேப்பமர நிழல் விழும் பக்கம். பெயர்ப் பலகை வேண்டவே வேண்டாம், உபயம் இன்னார் என்றும் எழுத வேண்டாம். வண்டிகளைத் தெற்குப் பக்கம் நிறுத்தலாம், அளந்து பார்த்துவிட்டேன், இருபது வண்டி நிற்கும்.

மனுவை வாசலில் காபி டிரம்முக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன். பேனா நூலில் கட்டியிருக்கிறது. முதல் கையெழுத்து நம் வார்டு உறுப்பினருடையது என்று அவரைக் கேட்காமலே வரிசை எண் போட்டு வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.